நாற்பத்தைந்து ரூபாய்த் தண்ணீரும் ஐந்து ரூபாய்த் தண்ணீரும்

நம் குடியிருப்பின் கீழ்த் தொட்டியில் மூன்று தண்ணீர் கலக்கிறது. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர், நம் போர்வெல்லின் உப்புத் தண்ணீர், பற்றாத நாட்களில் லாரித் தண்ணீர். மோட்டார் போடும் வாட்ச்மேனுக்கு எது எப்போது வருகிறது என்று தெரியும். ஐந்தாம் மாடியில் குழாயைத் திறக்கிற நமக்குத் தெரியாது. நம்மூருக்குத் தண்ணீர் வந்த கதையை எழுதுங்களேன் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டார்கள். நான் வரலாறு படித்தவன் இல்லை. பி.காம். முடித்து வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். அதனால் இதில் ராஜாக்கள் வரமாட்டார்கள். யார் பணத்தில் யாருக்குத் தண்ணீர் வந்தது என்கிற கணக்குதான் வரும்.

திருப்பூருக்கு நடு ஊரில் ஆறு உண்டு, ஆனால் குடிக்கத் தண்ணீர் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும். வெள்ளியங்கிரி மலையில் தொடங்கி, கோயம்புத்தூரைத் தொட்டு, நம்மைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யல், மழைக்காலத்தில் மட்டும் ஆறாக இருப்பது. ஊரின் கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஏற்றதில்லை என்றாலும், அதில் வெளுத்தால் பனியனின் வெள்ளை தனி என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். குடிநீருக்காக மேட்டுப்பாளையத்திலிருந்து பவானித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். முதல் திட்டம் 1960-களில் வந்தது, இரண்டாவது 1990-களின் தொடக்கத்தில். இரண்டும் வந்து சேருவதற்குள் ஊர் வளர்ந்துவிட்டது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகராட்சிக்குள் சுமார் 2.35 லட்சம் பேர். 2001-ல் சுமார் 3.45 லட்சம். எல்லைக்கு வெளியே வேலம்பாளையம், நல்லூர், ஆண்டிபாளையம் பக்கம் குடியேறியவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். மதுரை, தேனி, திருநெல்வேலி, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் வாரக் கணக்கில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த நாட்களில் தண்ணீர் இரண்டு விதமாக விலைபோனது. லைன் வீட்டுப் பெண்கள் வண்டிக்காரரிடம் குடக் கணக்கில் வாங்கினார்கள். சாயப்பட்டறைக்காரர்கள் லாரிக் கணக்கில் வாங்கினார்கள். ஒரு கிலோ துணியைச் சாயம் போட்டு அலசி எடுக்க நூறு லிட்டர் அளவில் தண்ணீர் தேவைப்பட்ட காலம். ஊரில் நிலத்தடி நீர் வற்றியும் கெட்டும் போனதால், சுற்றுவட்டாரக் கிராமக் கிணறுகளிலிருந்து லாரிகள் இரவு பகலாக ஓடின. வெள்ளாமை செய்வதைவிடத் தண்ணீரை விற்பது லாபம் என்று கிணற்றுக்காரர்கள் கண்டுகொண்டார்கள். எங்கள் கிளையில் லாரிக் கடன் வாங்கியவர்களில் தவணை தவறாமல் கட்டியவர்கள் தண்ணீர் லாரிக்காரர்கள்தான். மேனேஜர்கள் மாறினாலும் அந்த நம்பிக்கை மட்டும் மாறவில்லை.

இந்த நிலையில் 1995-ல் ஒரு கம்பெனி பதிவானது. பெயர் நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன். தமிழ்நாடு அரசு, ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம், 1990-ல் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் எல்லாம் சேர்ந்து உருவாக்கியது. பவானி கூடுதுறையில் கலந்த பிறகு காவிரியில் தண்ணீர் எடுத்து, சுத்திகரித்து, 55 கிலோமீட்டர் தூரம் குழாயில் கொண்டுவருவது திட்டம். நாள் ஒன்றுக்கு 18.5 கோடி லிட்டர். ஆயிரம் கோடி ரூபாய்க்குச் சற்று மேல் செலவு. 2000-ல் அரசு, நகராட்சி, கம்பெனி மூன்றும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 30 ஆண்டு நடத்திவிட்டு அரசிடம் ஒப்படைக்க வேண்டும். குடிநீர்த் துறையில் அரசும் தனியாரும் சேர்ந்து இவ்வளவு பெரிதாகச் செய்த முதல் முயற்சி இந்தியாவில் இதுதான். நம்மூர்க்காரர்கள் இன்றும் 'மூணாவது திட்டம்' என்றுதான் சொல்கிறோம்.

பாதாளச் சாக்கடையும், குடிசைப் பகுதிகளுக்குக் குறைந்த செலவில் கழிப்பிடங்களும்கூட அதே திட்டத்தில் இருந்தன என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். தண்ணீர் 2005-ஐ ஒட்டி வரத் தொடங்கியது.

இதில் என்னை இன்றும் ஈர்ப்பது அந்த விலைப்பட்டியல். தொழிற்சாலைக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய். நகராட்சி மக்களுக்காக மொத்தமாக வாங்கும் தண்ணீர் ஆயிரம் லிட்டர் சுமார் 5 ரூபாய். குழாய் போகும் வழியிலுள்ள கிராமங்களுக்கும் குறைந்த விலைதான். ஒரே ஆறு, ஒரே சுத்திகரிப்பு நிலையம், ஒரே குழாய், விலை மட்டும் ஒன்பது மடங்கு வித்தியாசம்.

பென்சில் எடுத்துப் போட்டுப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீடு, ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டர் என்றால் மாதம் 12,000 லிட்டர். அந்த வீட்டுக்காக நகராட்சி கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியது 60 ரூபாய். அதே 12,000 லிட்டருக்குச் சாயப்பட்டறை கொடுத்தது 540 ரூபாய். ஏற்றுமதிச் சரக்கின் விலையில் ஒரு துளி, கட்டிங் டேபிளிலும் பவர் டேபிளிலும் வேலை செய்பவர்களின் வீட்டுக் குழாய்க்குப் போய்ச் சேர்ந்தது. முதலாளிகள் தர்ம சிந்தனையில் செய்தது என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும், கிராமத்துக் கிணறுகள் கைவிட்டுக்கொண்டிருந்தன, ஊருக்கும் சேர்த்துக் கொடுத்தால்தான் அரசு ஆற்றில் கைவைக்க விடும். அவரவர் தேவைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். கோயில் ட்யூப் லைட்டில்கூட உபயதாரர் பெயர் எழுதும் ஊரில், இந்த 45 ரூபாயில் யார் பெயரும் எழுதப்படவில்லை. நன்கொடையைவிட இது மேல் என்பது என் அபிப்பிராயம். நன்கொடை கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுபோகும். விலைப்பட்டியலில் எழுதியது மாதாமாதம் வரும்.

இதை அப்போதே எதிர்த்தவர்கள் உண்டு. ஆற்றுத் தண்ணீரைத் தனியாரிடம் விற்கிறார்கள் என்றார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மக்களுக்கான மலிவுத் தண்ணீர் ஒரே ஒரு வாடிக்கையாளர் கூட்டத்தின் தோளில் நின்றது. அந்தத் தோள் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒப்பந்தத்தில் சரியான பதில் இல்லை.

மலிவு விலை யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நகராட்சி வரை 5 ரூபாய். அதற்குப் பிறகு? வீட்டு இணைப்பு வாங்கச் சொத்துவரி ரசீது வேண்டும், டெபாசிட் கட்ட வேண்டும். லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவரிடம் சொத்துவரி ரசீது எப்படி இருக்கும்? இணைப்பு உரிமையாளர் பெயரில் வரும். பத்து வீட்டுக்கு நடுவில் முற்றத்தில் ஒரு குழாய். 'தண்ணி வந்துருச்சுங்க அக்கா' என்று ஒரு குரல் கேட்டால் நள்ளிரவிலும் பத்துக் கதவு திறக்கும். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் இருக்க வேண்டிய பெண், இரண்டு மணிக்கு எழுந்து குடம் பிடித்துவிட்டுத்தான் போனாள். சொந்த வீட்டுக்காரர் கீழ்த் தொட்டி கட்டிக்கொண்டார். தண்ணீர் எந்த நேரத்தில் வந்தாலும் அவர் தூக்கம் கெடவில்லை. ஆகவே அரசு கொடுத்த சலுகை, சேமித்து வைக்க இடம் உள்ளவருக்கு முழுதாகவும் இல்லாதவருக்குப் பாதியாகவும் கிடைத்தது. இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் ஓர் அறைக்கு ஆறு பேர் தங்குகிறார்கள். அவர்களுக்குத் தெருக்குழாய் எங்கே இருக்கிறது என்று கேட்கவே மொழி தடை.

இனி ஆற்றின் கீழ்ப்பக்கம் போக வேண்டும். தோள் நகர்ந்த கதை அங்கேதான் இருக்கிறது.

சாயப்பட்டறைக்கு வந்த தண்ணீர் உப்பும் சாயமுமாக நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கென்று சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் கட்டி முடித்திருந்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாகிவிட்டது. தங்கள் வயலுக்குத் தண்ணீர் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்ட அணை நாட்டில் வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. தென்னை கருகியது, கிணறு கெட்டது, கால்நடை குடிக்கத் தண்ணீர் இல்லை. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கத்தினர் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். வருடக் கணக்கில் அலைந்தார்கள்.

2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத அளவுக்குச் சுத்திகரிக்க வேண்டும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம். இதையும் அந்த விலைப்பட்டியலோடு சேர்த்துப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் 45 ரூபாய் என்றால் லிட்டர் நாலரைப் பைசா. தண்ணீரை வாங்கும் விலையைவிட அதைக் கெடுக்கும் விலை அன்றுதான் முதன்முதலாக அதிகமானது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கும் தீர்ப்பு விவசாயிகள் பக்கமே. அப்படியும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும், சலவைப் பட்டறைகளையும், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள்.

அந்த மாதங்களை இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். சாயத்துக்காகத் துணி வெளியூர் லாரிகளில் ஏறியது. ஆட்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். எங்கள் கிளையில் கடன் கணக்குகள் ஒவ்வொன்றாக வாராக்கடன் பட்டியலுக்கு நகர்ந்தன. பதினைந்து வருடம் ஒழுங்காக வரவு செலவு செய்த மனிதர் கவுண்ட்டருக்கு எதிரே பேசாமல் உட்கார்ந்திருப்பார். அதே நேரம் கீழ்ப்பக்கத்து விவசாயி, வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி அலைந்து, ஒருவழியாக நியாயம் கிடைத்தது என்று மூச்சுவிட்டார். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

பிறகு மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் புதுப்பிக்கப்பட்டன. பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறை இங்கே நிலைபெற்றது. இன்று வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குத் திருப்பூர் பெருமையாகக் காட்டுவது அதைத்தான். உள்ளே வந்த தண்ணீரில் பெரும்பகுதியை மறுபடி எடுத்துக்கொள்கிறார்கள். உப்பையும் மீட்கிறார்கள்.

இங்கேதான் கணக்குப் பார்ப்பவனுக்கு ஒரு சிக்கல் தெரியும். தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துகிறவர் புதுத் தண்ணீர் குறைவாகத்தான் வாங்குவார். 45 ரூபாய் கொடுத்த வாடிக்கையாளர் 2011-ல் சில மாதம் அடியோடு நின்றார். திரும்பி வந்தபோது பழைய அளவு வாங்கவில்லை. அதற்கு முன்பே, மழை பெய்த வருடங்களில் லாரித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் மலிவாகக் கிடைத்ததால், கம்பெனி எதிர்பார்த்த விற்பனை இல்லை. கடன் தவணைகளை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. 2018-ல் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். நிறுவனமே கவிழ்ந்தது நாடறிந்த செய்தி. ஆற்றங்கரை விவசாயிக்கு நடந்த அநியாயத்தைச் சரிசெய்தபோது, ஊர் ஏழைக்குக் கிடைத்த மலிவுத் தண்ணீரின் அஸ்திவாரம் ஆட்டம் கண்டது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஒரு தராசில் இரண்டு தட்டு இருக்கும் என்று நினைத்துக் கட்டிய திட்டத்தில் மூன்றாவது தட்டு ஒன்று ஆற்றின் கீழே தொங்கிக்கொண்டிருந்ததை எவரும் ஒப்பந்தத்தில் எழுதவில்லை. குழாயை மட்டும் குறை சொல்ல முடியாது. அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஏறக்குறைய இதே காலத்தில் சென்னைக்குப் பக்கத்தில் ஆலந்தூரில் வேறு விதமாகச் செய்தார்கள். நம்மைப் போன்ற குடியிருப்போர் சங்கங்கள் அதில் சம்பந்தப்பட்டதால் சொல்கிறேன். ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், கழிவுநீர் லாரி, கொசு. 1996-ல் நகராட்சித் தலைவராக வந்த ஆர்.எஸ். பாரதி பாதாளச் சாக்கடை கொண்டுவர முனைந்தார். கையில் பணம் இல்லை. வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் முன்கூட்டியே கொடுங்கள் என்று மக்களிடம் கேட்டார்கள். தோண்டாத சாக்கடைக்கு யார் பணம் கொடுப்பார்கள்? குடியிருப்போர் சங்கத்தினர் தெருத்தெருவாகப் போய்ப் பேசினார்கள். பணம் கோடிக் கணக்கில் சேர்ந்தது. மக்களே முன்பணம் போட்டதைக் காட்டித்தான் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்திடம் கடன் பெற முடிந்தது. வங்கியில் நாங்கள் 'மார்ஜின்' என்று சொல்வோமே, அது. குடிசைப் பகுதிகளும் இணைப்புக்குள் வந்தன.

அன்றைய 5,000 ரூபாய் தினக்கூலிக் குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனாலும் ஆலந்தூரில் இருந்த ஒன்று நம்மூர் மூன்றாவது திட்டத்தில் இல்லை. இங்கே பணம் போட்டவர், கடன் கொடுத்தவர், ஏற்றுமதியாளர், அரசு, நகராட்சி எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தண்ணீர் பிடிக்கும் பெண்ணுக்கோ, குடியிருப்போர் சங்கத்துக்கோ, ஆற்றின் கீழே இருந்த விவசாயிக்கோ நாற்காலி போடவில்லை. போட்டிருந்தால் தண்ணீர் இரவு இரண்டு மணிக்கு வரக்கூடாது என்று ஒருவரும், போன தண்ணீர் எப்படித் திரும்பும் என்று இன்னொருவரும் முதல் நாளே கேட்டிருப்பார்கள்.

திருப்பூர் 2008-ல் மாநகராட்சியானது. 2011-ல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் சேர்ந்து 60 வார்டு ஆனது. அந்தப் பரப்புக்கு அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் எட்டே முக்கால் லட்சம் பேர். பழைய மூன்று திட்டமும் பற்றாது என்று, மத்திய அரசின் அம்ருத் திட்டத்திலும் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனிலும் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு நான்காவது குடிநீர்த் திட்டம் போட்டார்கள். மறுபடி மேட்டுப்பாளையம், மறுபடி பவானி. இந்த முறை பணம் பொதுப்பணம். சாயப்பட்டறையின் தோளில் ஏறாத திட்டம் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. இதன் கடனை அடைப்பது நம் வரியும் கட்டணமும் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

நம் தெருவுக்கு வருவோம். நம் வளாகத்தின் பின்பக்கச் சுவரை ஒட்டி லைன் வீடுகள் இருக்கின்றன. நம் வீடுகளில் பாத்திரம் துலக்க வரும் பெண்கள் இருவர் அங்கிருந்துதான் வருகிறார்கள். தெருவில் போகும் பிரதானக் குழாய் ஒன்றே. முதலில் நம் வாசலைத் தொட்டு, அவர்கள் பக்கம் கடைசியாகப் போகிறது. நம் சங்கம் பெரிய அளவுக் குழாய் இணைப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறது. லாரிச் செலவு மிச்சமாகும் என்ற கணக்கை நானே போட்டுக் கொடுத்தேன், அது சரியான கணக்குதான். ஆனால் நம் தொட்டி நிறையும் நேரத்தில் கடைசிக் குழாயில் அழுத்தம் என்ன ஆகும் என்பது அந்தத் தாளில் இல்லை. மாநகராட்சிப் பொறியாளர் வந்து பார்க்கும்போது இதையும் அளக்கச் சொல்லிக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று செயற்குழுவில் கேட்டிருக்கிறேன். பிரதானக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டப்படி குற்றம் என்பதையும், நம் தெருவில் அது இரவில் நடக்கிறது என்பதையும் இதே பக்கத்தில் எழுதிவைக்கிறேன். யார் வீடு என்று எழுத மாட்டேன்.

2022 முதல் நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தில் நகர்ப்புற வார்டுகளில் பகுதி சபைக் கூட்டம் நடத்துகிறார்கள். சங்கத்தின் சார்பில் இருவர் போகிறோம். லைன் வீட்டிலிருந்தும் இருவரை வரச் சொல்லியிருக்கிறேன். கூட்டம் வேலை நேரத்தில் வைத்தால் ஒரு நாள் கூலி போகும் என்றார்கள். மாலையில் வைக்க முடியுமா என்று நம் வார்டு உறுப்பினரிடம் கேட்க வேண்டும்.

காவிரிக் குழாயின் 30 ஆண்டு ஒப்பந்தம் இன்னும் சில ஆண்டுகளில் முடிகிறது. அன்று அது அரசின் கைக்கு வரும். 45 என்றும் 5 என்றும் எழுதிய அந்தப் பட்டியலை அப்போது யாராவது உட்கார்ந்து புதிதாக எழுதுவார்கள்.